நண்டு நடை போடும் மோட்டார் வண்டி

மழை ஓய்ந்த மாலைப் பொழுதொன்றில், கெட்டம்பேயிலிருந்து பேராதனைக்குச் செல்லும் வீதியில் உங்களுக்கு முன்னே போகும் பழைய மோட்டார் வண்டிகளைச் சற்று உற்று நோக்குங்கள். அவற்றுள் ஒன்று நேராகத்தான் சென்றுகொண்டிருக்கும்; ஆயினும் அதன் உடல் நேராக இராது. பின்னால் வரும் உங்கள் கண்ணுக்கு அதன் வலப்பக்கக் கதவு ஒரு கீற்றுப் போலத் தெரியும், இடப்பக்கம் தெரியாது. முன்சில்லுகள் ஈரத்தில் பதித்த தடத்தின் மேலேயே பின்சில்லுகள் செல்லாமல், ஓரங்குலம் இடப்புறம் விலகித் தமக்கென வேறொரு தடம் போட்டுச் செல்லும். மேனாட்டுக் கம்மியர் இதனைத் தெருநாயின் ஓட்டத்துக்கும் நண்டின் நடைக்கும் ஒப்பிடுவர். நாம் நண்டு நடை என்றே வைத்துக்கொள்வோம்.

இது வேடிக்கை பார்த்துவிட்டுப் போகும் காரியமன்று. கண்டி மாநகரிலும் அதனைச் சூழ்ந்த அம்பிட்டிய, கட்டுகஸ்தோட்டை, கம்பளைப் பகுதிகளிலும் முப்பது, நாற்பது வயதான கார்கள் இன்றும் குடும்பங்களைச் சுமந்து மலை ஏறி இறங்குகின்றன. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சொந்தப் பாவனைக்கான கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இந்த இடைக்காலத்தில் பழைய வண்டியை விற்றவர் வருந்தினார். வைத்திருந்தவர் அதனைக் கண்ணும் கருத்துமாகப் பேணினார். நமது நாட்டுக்கு இது புதிதன்று. 1960களிலும் 1970களின் முற்பகுதியிலும் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்தபோது, ஒரு காரை மூன்று தலைமுறைக்கு ஓட்டும் கலையை நம் கராஜ் பாஸ்மார் கற்றுக்கொண்டனர்.

அக்கலையின் தலைசிறந்த மாணவன் மொறிஸ் மைனர் என்பதில் ஐயமில்லை. அலெக் இசிகோனிஸ் என்பார் வடிவமைத்து, 1948இல் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்த இச்சிறு கார், 1970களின் தொடக்கம் வரை பதினாறு இலட்சத்துக்கும் அதிகமாகச் செய்யப்பட்டது. இதனைப் பற்றி ஒரு சுவையான செய்தி உண்டு. வண்டி உற்பத்திக்கு ஆயத்தமான வேளையில், அது ஒடுங்கலாகத் தெரிகிறது என்று இசிகோனிசுக்குத் தோன்றிற்று. மாதிரி வண்டியை நடுவே நெடுக வெட்டி, இரு பாதிகளையும் விலக்கி விலக்கி வைத்துப் பார்த்தார். நான்கு அங்குலம் விலக்கியபோது கண்ணுக்கு நிறைவாயிற்று. அந்த நான்கு அங்குலத்தின் அடையாளமாகவே எஞ்சின் மூடியின் நடுவே ஒரு தட்டைப் பட்டை ஓடுகிறது. முன்னரே செய்து குவித்துவிட்ட மோதுதாங்கிகளையும் நடுவில் வெட்டித் துண்டு வைத்துப் பொருத்தினராம்! 1990களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார், இலங்கைத் தொழிலதிபர் ஒருவருடன் கூட்டுச் சேர்ந்து அக்காரின் உதிரிப் பாகங்களை இந்நாட்டிலேயே செய்வித்து, பிறந்தகத்துக்கே அனுப்பிவைத்தார். மகள் வீட்டுச் சீர் தாய் வீட்டுக்குத் திரும்பிய கதை இது.

நிற்க. நமது விடயத்துக்கு வருவோம்.

எமது பாடசாலையில் கணிதம் கற்பித்து இளைப்பாறிய நண்பர் ஒருவரிடம் மொறிஸ் மைனர் ஒன்று இருக்கிறது. நேர் வீதியில் செல்லும்போது அதன் சுக்கான் வளையம் இடப்பக்கம் சாய்ந்தே நிற்கும். வீல் அலைன்மென்ட் பார்க்கும் இடமொன்றில் விட்டார். முன்சில்லுகளைச் சரிபார்த்துச் சுக்கானை நேராக்கிக் கொடுத்தனர். மூன்று மாதத்தில் மீண்டும் பழைய கோணல். வேறோர் இடத்தில் முன்பக்கத்து இணைப்பு மூட்டுகளை மாற்றினர், மறுபடியும் நேராயிற்று, மறுபடியும் கோணிற்று. “வீதியின் சாய்வு அப்படி, ஐயா” என்று அங்கே கூறிவிட்டனர்.

இந்த விடைதான் என்னைச் சிந்திக்கவைத்தது. மழைநீர் வடிவதற்காக வீதி நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருக்கும். நாம் இடப்பக்கமாக வண்டி ஓட்டுபவர்கள். ஆகவே வீதியின் சாய்வு வண்டியை இடப்பக்கம் இழுக்கும். அதனை ஈடுசெய்யச் சாரதி வலப்பக்கம் திருப்பிப் பிடிக்கவேண்டும். நண்பரோ இடப்பக்கமல்லவா திருப்பிப் பிடிக்கிறார்! காரணம் வீதியன்று, வண்டிக்குள்ளேதான் இருக்கிறது. அத்துடன், முன்பக்கத்தை எத்தனை முறை நேராக்கினாலும் கோணல் திரும்பி வருகிறதென்றால், முன்பக்கமல்லாத வேறேதோ ஒன்று இடம்பெயர்ந்துகொண்டே இருக்கிறது என்பதும் பெறப்படும்.

வண்டியை வழிநடத்துவது முன்சில்லுகள் என்றே எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் வண்டி எத்திசையில் செல்லவேண்டுமென்று முதலில் தீர்மானிப்பது பின்னச்சே. ஒரு தடியின் இரு முனைகளிலும் சில்லுப் பூட்டி உருட்டிவிட்டால், அது தடிக்குச் செங்குத்தான திசையில்தான் ஓடும். பழைய கார்களின் பின்னச்சும் அத்தகைய தடியே. அது வண்டியின் நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக இருந்தால் வண்டி நேரே செல்லும். அதன் இடமுனை சற்றுப் பின்வாங்கிவிட்டால், அச்சு உருள விரும்பும் திசை இடப்புறமாகத் திரும்பிவிடும். பின்பாகம் இடப்புறம் ஒதுங்க, மூக்கு வலப்புறம் திரும்பும். சாரதி அதனை மறுத்துச் சுக்கானை இடப்பக்கம் பிடிப்பார். வண்டி நேர் வீதியில் போகும். உடல் மட்டும் கோணலாக இருக்கும். முன்பக்கத்தை மாத்திரம் பார்ப்பவர், முன்சில்லுகளின் இணைப்புத் தண்டுகளை நீட்டியும் குறுக்கியும் சுக்கான் வளையத்தை நேராக்கிவிடலாம். அதனால் நோயின் அறிகுறி மறையுமேயன்றி நோய் மறையாது.

எவ்வளவு பின்வாங்கினால் எவ்வளவு கோணல் என்பதைக் கணித மாணவர் நொடியில் கூறுவர். மொறிஸ் மைனரில் இடச்சில்லுக்கும் வலச்சில்லுக்கும் இடைத்தூரம் ஏறக்குறைய 50 அங்குலம்; முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைத்தூரம் 86 அங்குலம். பின்னச்சின் ஒருமுனை அரை அங்குலம் பின்வாங்கினால், திரும்பும் கோணம் 0.5ஐ 50ஆல் வகுக்க வரும் 0.01 ஆரையன், அதாவது அரைப் பாகைக்குச் சற்று அதிகம். அக்கோணத்தில் 86 அங்குல நீளம் சாய்ந்து சென்றால், பின்தடம் முன்தடத்தைவிட்டு 0.86 அங்குலம் விலகும். ஈர வீதியில் நாம் கண்ட ஓரங்குல விலகல் இதுதான்.

அளந்து பார்ப்பதற்கு வேண்டியவை ஒரு தூக்குக் குண்டு, ஒரு வெண்கட்டி, ஓர் அளவுநாடா, இவற்றோடு சமதரை. முதல் மூன்றும் எளிதிற் கிடைக்கும். கண்டியில் சமதரை கிடைப்பதுதான் அரிது! நண்பரின் வீட்டு முற்றத்தில் பந்தை வைத்தால் அது பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். ஆகவே ஒரு சனிக்கிழமை பாடசாலையின் வலைப்பந்துத் திடலுக்கு அனுமதி பெற்றோம். உயர்தர வகுப்பில் கணிதம் பயிலும் நண்பரின் மகள், தூக்குக் குண்டைத் தானே பிடிப்பதாகக் கூறி முன்வந்தாள்.

நான்கு சில்லுகளிலும் காற்றைச் சமமாக நிரப்பி, பொதிப்பெட்டியைக் காலியாக்கி, முன்சில்லுகளை நேராக வைத்து, வண்டியைக் கையாலேயே பத்தடி முன்னோக்கித் தள்ளி நிறுத்தினோம். பின்னோக்கித் தள்ளி நிறுத்தினால் பாகங்கள் தளர்ந்த நிலையில் நின்று பொய் கூறும். ஒவ்வொரு சில்லின் நடுமையத்துக்கு நேரே நூலைத் தொங்கவிட்டுக் குண்டின் முனை தொட்ட இடத்தில் வெண்கட்டியால் புள்ளியிட்டோம். பின்பு வண்டியைத் தள்ளி அப்புறப்படுத்தினோம். தரையில் நான்கு புள்ளிகள் மிஞ்சின. நல்ல வண்டியாயின் அவை ஏறக்குறைய ஒரு செவ்வகத்தின் மூலைகளாக அமையும்.

இடப்பக்க நீளம் 86½ அங்குலம். வலப்பக்க நீளம் 86 அங்குலம்.

“இடப்பக்கம் அரை அங்குலம் கூடுதல், சேர். அப்படியானால் பின்னச்சுத்தான் பிழை” என்றாள் அவள்.

“பொறு மகள். பின்சில்லு பின்வாங்கினாலும் அப்பக்கம் நீளும். முன்சில்லு முன்னே தள்ளப்பட்டாலும் அப்பக்கமே நீளும். இவ்விரண்டில் எது என்று எப்படிச் சொல்வாய்?” என்று வினவினேன்.

சற்று நேரம் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவளாகவே அளவுநாடாவைக் குறுக்காக இழுத்தாள். அதுதான் சரியான வழி. இடப் பின்சில்லு பின்வாங்கியிருந்தால், அதற்கும் வல முன்சில்லுக்கும் இடையிலான மூலைவிட்டம் நீளும். இட முன்சில்லு முன்னே சென்றிருந்தால், மற்ற மூலைவிட்டம் நீளும். பைதகரசின் தேற்றப்படி 86, 50 ஆகிய பக்கங்களுக்கு மூலைவிட்டம் 99½ அங்குலத்தை ஒட்டி வரவேண்டும். இட முன்சில்லிலிருந்து வலப் பின்சில்லுக்குள்ள தூரம் அவ்வாறே இருந்தது. வல முன்சில்லிலிருந்து இடப் பின்சில்லுக்குள்ள தூரமோ 99.9 அங்குலத்தை எட்டிற்று. இடப் பின்சில்லே குற்றவாளி என்பது தெளிவாயிற்று.

குற்றவாளியைப் பிடித்தாயிற்று, குற்றத்துக்குக் காரணம் என்ன? மொறிஸ் மைனரின் பின்னச்சு, பட்டைகளை அடுக்கிச் செய்த இரு ஸ்பிரிங்குகளின் மேல் அமர்ந்திருக்கிறது. ஸ்பிரிங்கின் முன்முனை வண்டியின் அடிப்பாகத்தில் அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். பின்முனை ஒரு சிறு ஊஞ்சலில் ஆடும். ஆகவே அச்சு எங்கே நிற்கவேண்டுமென்று தீர்மானிப்பது முன்முனை. அது பொருந்தியுள்ள தகட்டிலே துருப்பிடித்து இற்றுப் போவது இக்கார்களுக்குப் பரம்பரை நோய். அங்குள்ள இறப்பர் புஷ் தேய்ந்தாலும் அச்சு சிறிது நகரும். இவையன்றி மூன்றாவது இடமொன்றும் உண்டு. பட்டைகளையெல்லாம் ஊடுருவி நடுவிலே ஒரு போல்ட் செல்கிறது. சென்டர் போல்ட் என்பர். அதன் தலை, அச்சின் பீடத்திலுள்ள துளையொன்றில் அமர்ந்து அச்சை இடம்பெயராமல் நிறுத்துகிறது. அச்சையும் ஸ்பிரிங்கையும் இறுக்கிப் பிடிப்பவை யூ வடிவ போல்ட்டுகள். அவை தளர்ந்தால் சுமை முழுவதும் அச்சிறு போல்ட்டின் தலைமேல் விழும். ஒருநாள் அது அறுந்துபோகும்.

இம்மூன்றில் எது என்று அறியவும் அளவுநாடாவே போதும். ஸ்பிரிங்கின் முன்முனை ஆணியிலிருந்து அச்சு வரையுள்ள தூரத்தை இருபக்கமும் அளக்கவேண்டும். இரண்டும் சமமானால் ஸ்பிரிங்கோடு சேர்ந்து அச்சு நகர்ந்திருக்கிறது. முன்முனைத் தகட்டைத் தட்டிப் பார்க்கவேண்டும். சமமில்லையானால் ஸ்பிரிங்கின் மேலேயே அச்சு வழுக்கியிருக்கிறது. இந்த வேலைக்கு வண்டியின் கீழே தலையை நுழைக்க நேரும். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் கீழே போகலாகாது; உறுதியான தாங்கிகள் வைத்து, மற்றச் சில்லுகளுக்குக் கட்டை கொடுத்த பின்னரே போகவேண்டும். மாணவர் எவரும் தனியாக இதனைச் செய்யவே கூடாது. நாங்களும் செய்யவில்லை, மகியாவையில் அனுபவமுள்ள முதிய பாஸ் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனோம்.

அவர் கீழே படுத்து ஐந்து நிமிடம் பார்த்தார். இடப்பக்க யூ போல்ட்டைச் சாவியால் திருப்பியதும் அது தடையின்றிச் சுழன்றது. கழற்றியபோது சென்டர் போல்ட் இரண்டு துண்டாக அவர் உள்ளங்கையில் வந்து விழுந்தது. முறிந்த முகத்தின் பெரும்பகுதி கறுத்துத் துருவேறியும், ஓரத்தில் சிறு பிறை மட்டும் பளபளப்பாகவும் இருந்தது. நெடுங்காலமாக விரிசல் கண்டு, அண்மையில்தான் முற்றாக அறுந்திருக்கிறது.

“சேர், இதோட கடுகண்ணாவை இறங்கினீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

இறங்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் மகனை வரவேற்கக் குடும்பத்தோடு கட்டுநாயக்காவுக்குப் புறப்படுவதாக நண்பர் ஆயத்தம் செய்திருந்தார்! பாஸ் ஏன் அப்படிக் கேட்டார் என்பதை விளக்கவேண்டும். 1820களில் கப்டன் டோசன் வகுத்த அப்பழைய பாதையில் இறங்கும் வண்டி, மீண்டும் மீண்டும் பிறேக் போட்டே இறங்கும். பிறேக் பிடிக்கும்போது தரை சில்லைப் பின்னோக்கித் தள்ளுகிறது. பிடிமானமற்ற இடமுனை மேலும் பின்வாங்கும். இடமுனை பின்வாங்கினால் மூக்கு வலப்புறம் திரும்பும் என்று மேலே கண்டோம். வலப்புறம் என்பது எதிரே பேருந்தும் லொறியும் ஏறிவரும் பக்கம். பிறேக்கை அழுத்தும் அந்தக் கணத்தில், சாரதி கேளாமலே வண்டி எதிர்ப்பக்கம் பாயும். இந்த அபாயத்துக்கு எச்சரிக்கையாகத்தான் சுக்கான் பல மாதமாகக் கோணி நின்றது.

புதிய சென்டர் போல்ட்டும் புதிய யூ போல்ட்டுகளும் இட்டு, சில நூறு கிலோமீற்றர் ஓடியதும் மீண்டும் இறுக்கவேண்டும் என்று பாஸ் சொல்லி அனுப்பினார். முன்பு பழுதுபார்த்தவர்கள் குறுக்கியும் நீட்டியும் விட்ட முன் இணைப்புத் தண்டுகளையும் அதன் பிறகே சரிசெய்யவேண்டியிருந்தது. பின்பக்கம் முதலில், முன்பக்கம் பிறகு. இந்த ஒழுங்கு மாறினால் கூலி இரட்டிப்பாகும்.

டயர் தேய்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. பின்னச்சுக் கோணினால் டயர் ஒருபக்கமாகத் தேயும் என்று பொதுவாகக் கூறுவர். விறைப்பான முழு அச்சு உள்ள வண்டியில் இது அவ்வளவு உண்மையன்று. அச்சு முழுவதும் ஒருசேரத் திரும்பியிருப்பதால் இரு பின்சில்லுகளும் தாம் உருளும் திசையிலேயே செல்கின்றன, டயர் உரசுவதில்லை. நண்பரின் பின் டயர்களில் குற்றம் காண முடியாதிருந்ததும் இதனாலேயே. ஒரு டயர் மட்டும் ஓரத்தில் இறகு போலச் சீவப்பட்டுத் தேய்ந்தால், அந்தச் சில்லு தனியே கோணியிருக்கிறது: அச்சின் உறை வளைந்திருக்கலாம், பெயாரிங் தளர்ந்திருக்கலாம், சில்லின் விளிம்பே நெளிந்திருக்கலாம். விளிம்பு நெளிவை அறிய, சில்லைத் தூக்கிச் சுழலவிட்டு அருகே வெண்கட்டியை அசையாமல் பிடித்தால் போதும். ஒரே இடத்தில் மட்டும் கோடு விழும்.

வண்டியின் ஒருபக்கம் தாழ்ந்து நிற்பது வேறு நோய். நம் நாட்டில் சாரதி வலப்பக்கம் அமர்பவர். தனியாகவே ஓட்டும் ஒருவரின் வண்டியில் வல ஸ்பிரிங் முதலில் தளர்வது இயல்பு. சில்லின் நடுமையத்திலிருந்து மட்காட்டின் விளிம்பு வரை இருபக்கமும் அளந்தால் அது தெரிந்துவிடும்.

வொக்ஸ்வாகன் ‘ஆமை’க் கார் போன்று பின்சில்லுகள் தனித்தனியே இயங்கும் வண்டிகளில் கணக்கு வேறு. அங்கே முறுக்குத் தண்டுகளின் பற்களை மாற்றி இரு சில்லுகளின் சாய்வையும் சமப்படுத்துவர். உட்பக்கம் 40 பல், வெளிப்பக்கம் 44 பல். உள்ளே ஒரு பல் முன்னேற்றி வெளியே ஒரு பல் பின்னேற்றினால் ஒரு பாகைக்கும் குறைவான நுண்ணிய மாற்றம் கிடைக்கும். பின்னச்சில் சீர்செய்யும் ஏற்பாடு எதுவுமில்லாத சிறிய கார்களில், குழியிலோ நடைபாதைக் கல்லிலோ மோதி வளைந்த பாகத்தை மாற்றுவதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இல்லை.

இன்று கணினி பூட்டிய இயந்திரங்கள் நான்கு சில்லுகளையும் ஒரே நேரத்தில் அளந்து, பின்னச்சு உந்தும் திசையைத் ‘திரஸ்ட் ஆங்கிள்’ என்ற பெயரில் பாகைக் கணக்கில் அச்சிட்டுக் கொடுக்கின்றன. முன்னிரண்டை மட்டும் பார்க்காமல் நான்கையும் பார்க்கும்படி கேளுங்கள். அந்தத் தாளையும் கேட்டு வாங்குங்கள். தாள் தர மறுக்கும் இடத்துக்கு மறுமுறை போகாதிருப்பது உத்தமம் என்பது என் கட்சி.

மாணவர்களுக்கு ஒரு கணக்கு. வேறொரு பழைய காரில் இடப்பக்க நீளமும் வலப்பக்க நீளமும் சரிசமமாக 86 அங்குலம்; ஆனால் மூலைவிட்டங்கள் இரண்டும் சமமில்லை. அந்த வண்டியில் எது எங்கே நகர்ந்திருக்கும்? ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் உண்டு. வரைந்து பார்த்து வையுங்கள். அடுத்த ஞாயிறு பேசுவோம்.